சனிக்கிழமைக் கூலியும் பொத்தல் பையும்

ஊதியம் என்றவுடன் திருப்பணியாளராகிய நம்மில் பலருக்கும் மாத இறுதியே நினைவுக்கு வருகிறது. ஆண்டுதோறும் ஒரு சிறு உயர்வு, பஞ்சப்படி, வருங்கால வைப்பு நிதிக்கான பிடித்தம், பணி ஓய்வின்போது ஒரு தொகை என்ற ஒழுங்கில் நம் எண்ணம் செல்கிறது. திருப்பூரின் பனியன் கம்பெனிகளில் உழைக்கும் பெருந்தொகையினருக்கோ ஊதியம் என்பது சனிக்கிழமை மாலை கைக்கு வரும் வாரக்கூலியாகும். அன்று இரவே மளிகைக் கடைப் பாக்கியும் சீட்டுப் பணமும் கடன் தவணையும் அதில் பெரும்பகுதியை எடுத்துக்கொள்கின்றன. புதன் அல்லது வியாழனன்று கைமாற்று வாங்க வேண்டியிருக்கிறது. அடுத்த சனிக்கிழமை அக்கைமாற்று அடைபடுகிறது. ஆண்டுகள் பல கடந்தும் இவ்வட்டம் உடைவதில்லை.

இவ்வாறு வாழ்வோரில் ஒரு பகுதியினர் ஞாயிறுதோறும் நம் ஆலயங்களில் அமர்ந்திருக்கின்றனர். அவர்களுக்கு நாம் சிக்கனத்தைப் பற்றியும் சேமிப்பைப் பற்றியும் தசமபாகத்தைப் பற்றியும் அருளுரை ஆற்றுகிறோம். அவர்களது வாரக் கணக்கை அறிந்த பின்னரே அவ்வாறு பேசுகிறோமா? அக்கணக்கை விளக்குவதே இக்கட்டுரையின் முதல் நோக்கம். கூலியைப் பற்றித் திருமறை கூறுவனவற்றை அதன் பின்னர் நோக்குவோம். கணக்கை அறியாது திருமறையைத் திறப்போருக்கு அதன் கூலிச் சட்டங்கள் வெறும் இரக்க மொழிகளாகவே தோன்றக்கூடும்.

ஊரும் தொழிலும்

நொய்யல் ஆற்றங்கரையிலுள்ள திருப்பூரில் பனியன் பின்னும் தொழில் 1920களிலும் 1930களிலும் வேரூன்றியது. நெடுங்காலம் அது உள்நாட்டுச் சந்தைக்கான உள்ளாடைத் தொழிலாகவே இருந்தது. 1970களின் இறுதியில் ஏற்றுமதி தொடங்கி, 1980களில் விரைவு பெற்றது. 1990இல் ஏற்றுமதியாளர் சங்கம் தோன்றியது. 2009இல் திருப்பூர் தனி மாவட்டமாயிற்று. 1980களின் நடுப்பகுதியில் சில பத்துக் கோடிகளுக்குள் அடங்கியிருந்த ஏற்றுமதி 2024-25 நிதியாண்டில் ஏறத்தாழ 40,000 கோடி ரூபாயை எட்டியது. இந்த எண்ணைத் திருப்பூரில் எவரும் தயக்கமின்றிக் கூறுவர். ஒரு தையல்காரரின் சென்ற வாரக் கூலி எவ்வளவு என்று கேட்டால் மட்டும் எத்தனை ஷிப்ட், என்ன ரேட், எந்தக் கான்டிராக்டர் என்று எதிர்க்கேள்விகள் எழும்.

முதலில் சுற்றுவட்டக் கொங்குக் கிராமங்களிலிருந்தும், பின்னர் மதுரை, தேனி, திருநெல்வேலி, இராமநாதபுரம் முதலிய தென்பகுதிகளிலிருந்தும் மக்கள் இங்கே வந்தனர். அண்மைப் பதிற்றாண்டுகளில் ஒடிசா, பீகார், ஜார்க்கண்டு போன்ற மாநிலங்களிலிருந்தும் பெருந்திரளாக வந்துள்ளனர். மழை பொய்த்த நிலமும் சாதிக் கட்டுமானமும் பலரை ஊரைவிட்டுத் தள்ளின. திருப்பூரைப் பற்றிப் பேசும்போது இவ்வுண்மையை நாம் மறைத்தல் ஆகாது. விசைத்தறிப் பகுதிகளில் முன்பணம் பெற்று, அது தீரும்வரை ஒரே உரிமையாளரிடம் கட்டுண்டு கிடப்பவர்களைக் காண்கிறோம். பனியன் கம்பெனியிலோ சனிக்கிழமை கூலி வாங்கிக்கொண்டு திங்கட்கிழமை வேறு கம்பெனிக்குச் செல்லலாம். கிராமத்தில் தலைநிமிர்ந்து நடக்க இயலாத ஒருவருக்கு இவ்வுரிமை சிறிதன்று. திருப்பூர் ஏன் மக்களை இழுக்கிறது என்பதை இதுவே ஓரளவு விளக்குகிறது. ஆயினும் போகும் உரிமை தொழிலாளிக்கு இருப்பது போலவே, வாராதே என்று சொல்லும் உரிமை கம்பெனிக்கும் இருக்கிறது. இவ்விரண்டாவது உரிமையே வாரக் கணக்கை ஆட்டிவைக்கிறது.

வாரக் கணக்கு

கட்டிங், பவர் டேபிள் தையல், கைமடி, பிசிர் வெட்டுதல், செக்கிங், அயர்னிங், பேக்கிங் எனப் பனியன் வேலை பல பிரிவுகளாக அமைந்துள்ளது. கூலி இரு வகைகளில் கணக்கிடப்படுகிறது. ஒன்று ஷிப்டுக்கு இவ்வளவு என்பது. மற்றொன்று பீஸுக்கு இவ்வளவு என்பது. எட்டு மணி நேரம் ஒரு ஷிப்ட். காலை எட்டரைக்குத் தொடங்கி இரவு எட்டரைக்கு முடியும் நாள் ஒன்றரை ஷிப்ட் எனப்படும். எட்டு மணி நேரத்திற்கு மேற்பட்ட வேலைக்கு இரட்டைக் கூலி என்பது சட்டம். ஒன்றரை ஷிப்ட் என்னும் வழக்கு அந்த இரட்டைக் கூலியை ஓசையின்றி ஒற்றைக் கூலியாக்கிவிட்டது. திருப்பூரில் இதனை எவரும் வியப்பாகக் கருதுவதில்லை.

ஒரு கணக்கிற்காக ஷிப்டுக்கு 500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கப்பலேற்ற வேண்டிய நாள் நெருங்கும் வாரத்தில் ஆறு நாளும் ஒன்றரை ஷிப்ட் நடக்கிறது. ஒன்பது ஷிப்டுக்கு 4,500 ரூபாய் கிடைக்கிறது. அடுத்த வாரம் நூல் வரவில்லை, அல்லது சாயப்பட்டறையிலிருந்து துணி வரவில்லை, அல்லது வெளிநாட்டு வாங்குவோர் மாதிரியை ஏற்கவில்லை. நான்கு நாள், நாளுக்கு ஒரு ஷிப்ட் மட்டுமே நடக்கிறது. கையில் வருவது 2,000 ரூபாய். கூலி விகிதம் ஒரு காசும் குறையவில்லை. ஒப்பந்தத்தை எவரும் மீறவுமில்லை. எனினும் குடும்பத்தின் வருவாய் பாதிக்கும் கீழே சென்றுவிட்டது. கூலி உயர்ந்ததா என்று மட்டும் கேட்போரின் கண்ணுக்கு இவ்வீழ்ச்சி தெரிவதேயில்லை.

வரவு இவ்வாறு ஏறி இறங்க, செலவோ அசையாது நிற்கிறது. லைன் வீட்டின் வாடகைக்கு வேலையில்லாத வாரம் என்ற வேறுபாடு கிடையாது. மகளிர் குழுக் கடனின் தவணையும், நுண்கடன் நிறுவனத்தின் தவணையும் குறித்த நாளில் வந்து நிற்கும். ஒரு பெண் கட்டத் தவறினால் குழுவிலுள்ள மற்றப் பெண்கள் அவள் வாசலில் வந்து நிற்பர். ஜூன் மாதத்தில் பள்ளிக் கட்டணமும் புத்தகமும் சீருடையும் ஒருசேர வருகின்றன. தீபாவளிப் போனஸ் அக்டோபரிலோ நவம்பரிலோதான் வரும். ஜூனில் அடகு வைத்த நகையைத் தீபாவளிப் போனஸில் மீட்பது பல இல்லங்களில் ஆண்டுச் சடங்காகவே ஆகிவிட்டது. அத்தீபாவளிக்குப் பின்னரும் கம்பெனிகள் முழு வீச்சில் இயங்கச் சில நாள்கள், சிலபோது பத்து நாள்கள்கூட ஆகும். அந்நாள்களுக்கு வாரக்கூலிக்காரருக்கு ஊதியமில்லை.

ஆகவே கடன் இவ்வாழ்வில் ஊதாரித்தனத்தின் விளைவாகத் தோன்றுவதன்று. ஏறி இறங்கும் வரவையும் அசையாத செலவையும் இணைக்கும் பாலமாகவே அது அமைகிறது. ஒருவர் 4,500 ரூபாய் வாரத்தில் மிச்சம் பிடித்து 2,000 ரூபாய் வாரத்திற்கு வைத்திருக்கலாமே என்று நாம் கேட்கலாம். முந்தைய 2,000 ரூபாய் வாரத்தின் கடன் அந்த 4,500இல் ஏற்கெனவே காத்திருக்கிறது என்பதே விடை. அக்கடனுக்கு வட்டியும் உண்டு. நாள் வட்டி, மணி வட்டி, கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் ஆகியவற்றைப் பெயர் சொல்லியே தடைசெய்யும் சட்டத்தை 2003இல் தமிழ்நாடு அரசு இயற்றியது. ஒரு சட்டம் இத்தனை பெயர்களை அடுக்க வேண்டியிருந்தது என்பதே அவை எவ்வளவு பரவியிருந்தன என்பதற்குச் சான்று.

இக்கணக்கைச் சுமப்போர் பெரும்பாலும் பெண்கள். செக்கிங், பிசிர் வெட்டுதல் முதலிய குறைந்த கூலிப் பிரிவுகளில் அவர்களே மிகுதியாக இருக்கின்றனர். வீட்டில் எந்தக் கடனை எந்த வாரம் தள்ளிப்போடுவது என்று முடிவு செய்பவர்களும் அவர்களே.

உயரும் ஊதியம், உயராத வாழ்வு

1984இல் திருப்பூர்த் தொழிலாளர்கள் பஞ்சப்படிக்காக 127 நாள் வேலைநிறுத்தம் செய்தனர். திருச்சபை வரலாற்றை ஆண்டு தவறாது கற்பிக்கும் நம் வகுப்பறைகளில் இந்நிகழ்ச்சி இடம்பெறுவதில்லை. அத்தொழிலாளர் கேட்டது வெறும் கூடுதல் தொகையன்று. விலைவாசி ஏறும்போது கூலியும் தானே ஏற வேண்டும் என்று அவர்கள் கேட்டனர். விலையேற்றத்தின் சுமையை யார் தாங்குவது என்பதே அங்கு எழுந்த வினா. அப்போராட்டத்திற்குப் பின்னர் வேலை சிறு சிறு அலகுகளுக்கும் ஒப்பந்தக்காரர்களுக்கும் மேலும் மேலும் பிரித்துக் கொடுக்கப்பட்டது என்று இத்தொழிலை ஆய்ந்தோர் எழுதியுள்ளனர். இப்பிரிவின் விளைவைச் சட்டத்தைப் பற்றிப் பேசுகையில் மீண்டும் காண்போம்.

இன்று கூலி உயர்வு, முதலாளிகள் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் செய்துகொள்ளும் பல்லாண்டு ஒப்பந்தத்தால் தீர்மானிக்கப்படுகிறது. 2021ஆம் ஆண்டு நான்காண்டுகளுக்கென ஏற்பட்ட ஒப்பந்தத்தில் மொத்தம் 32 விழுக்காடு உயர்வு என முடிவாயிற்று. அதில் 19 விழுக்காடு முதல் ஆண்டிற்கும், எஞ்சிய 13 விழுக்காடு அடுத்த மூன்று ஆண்டுகளுக்கும் உரியது. கேட்பதற்கு 32 என்பது பெரிய எண்தான். இந்தியாவின் நுகர்வோர் விலை உயர்வோ 2022-23இல் 6.7 விழுக்காடும், 2023-24இல் 5.4 விழுக்காடும், 2024-25இல் 4.6 விழுக்காடுமாக இருந்தது. வெறுமனே கூட்டினாலும் 16.7 ஆகிறது. ஏறத்தாழ அதே மூன்றாண்டுகளில் கூலி ஏறியது 13. முதல் ஆண்டில் ஏறிய உயரத்திலிருந்து தொழிலாளி மெல்ல மெல்லக் கீழே இறங்கிக்கொண்டிருந்தார். ஒப்பந்த விகிதத்தை முழுமையாகப் பெற்றவரின் நிலை இது. ஒப்பந்தக்காரரின் கீழ்ப் பீஸ் கணக்கில் உழைப்பவருக்கு அவ்விகிதமே வந்து சேர்வதில்லை என்பதைச் சபை மக்களிடம் விசாரித்தாலே அறிந்துகொள்ளலாம்.

அரசு குறிக்கும் குறைந்தபட்ச ஊதியத்தின் கதை இன்னும் நீண்டது. 1948ஆம் ஆண்டுச் சட்டம், ஐந்தாண்டுக்கு மிகாத இடைவெளியில் இவ்வூதியத்தை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என விதித்தது. தமிழ்நாட்டுத் தையல் தொழிலிலோ 2004க்குப் பின்னர் 2014இல்தான் புதிய விகிதம் அறிவிக்கப்பட்டது. அதனை எதிர்த்து முதலாளிகள் தரப்பு வழக்குத் தொடுத்தது. 2016இல் சென்னை உயர் நீதிமன்றம் அவ்வுயர்வை ஏற்றுத் தீர்ப்பளித்தது. ஆக, பன்னிரண்டு ஆண்டுகள் சென்றன. 2004இல் பிறந்த குழந்தை அதற்குள் ஆறாம் ஏழாம் வகுப்பை எட்டியிருக்கும்.

இவ்விடத்தில் 1957ஆம் ஆண்டின் இந்தியத் தொழிலாளர் மாநாடு வகுத்த அளவுகோலை இறையியல் மாணவர் அறிந்திருத்தல் நலம். ஓர் உழைப்பாளியின் கூலி மூன்று நுகர்வு அலகுகளைக் கொண்ட குடும்பத்தைத் தாங்க வேண்டும். வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு 2,700 கலோரி உணவு, குடும்பத்திற்கு ஆண்டுக்கு 72 கெசத் துணி, வீட்டு வாடகை, எரிபொருள் விளக்கு முதலியவற்றிற்கு 20 விழுக்காடு என்று அது கணக்கிட்டது. 1991இல் ரெப்டகாஸ் பிரெட் வழக்கில் உச்ச நீதிமன்றம் பிள்ளைகளின் கல்வி, மருத்துவம், திருவிழா, முதுமை, திருமணம் ஆகியவற்றிற்கென மேலும் 25 விழுக்காட்டைச் சேர்த்தது. அது சென்னைத் தொழிற்சாலை ஒன்றின் தொழிலாளர்களைப் பற்றிய வழக்கு என்பது நமக்கு இன்னும் நெருக்கமான செய்தி. முதுமையும் திருமணமும் கூலிக்குள் அடங்க வேண்டும் என்று நீதிமன்றம் கூறியபின், அவற்றிற்காகக் கடன் வாங்குவோரைப் பொறுப்பற்றவர் என்று பிரசங்கபீடத்திலிருந்து கூறுவது எங்ஙனம் பொருந்தும்?

முதுமைக்கும் திருமணத்திற்குமான தேவையையே தூண்டிலாக்கிய முறையும் இப்பகுதியில் இருந்தது. சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் நூற்பாலைகள் சில, வறிய குடும்பத்து இளம்பெண்களை மூன்று ஆண்டு விடுதியில் தங்கவைத்து, கூலியின் ஒரு பகுதியைப் பிடித்து வைத்து, முடிவில் திருமணத்திற்கென மொத்தமாகத் தருவதாக வாக்களித்தன. இடையில் நோயுற்றோ மனம் நொந்தோ வெளியேறியவர்கள் பலர் அத்தொகையை இழந்தனர். வாரக்கூலியில் சேமிப்பு இயலாது என்பதை நன்கு அறிந்தவர்களே இத்தகைய திட்டத்தை வகுக்க முடியும்.

காத்திருக்கும் நாளுக்கு யார் பொறுப்பு?

நாம் கண்ட கணக்கின் நடுவில் நிற்பது, வேலையின்றிக் காத்திருக்கும் நாள். வேலை செய்ய வந்த தொழிலாளிக்கு நாள் முழுவதற்கும் வேலை தர இயலாவிடினும் முழு நாட்கூலி தர வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு பிரிவு இருந்தது. 2019ஆம் ஆண்டின் ஊதியத் தொகுப்புச் சட்டத்திலும் அது தொடர்கிறது. ஓராண்டு தொடர்ந்து பணிபுரிந்தவரைத் தற்காலிகமாக நிறுத்திவைத்தால் அடிப்படை ஊதியத்திலும் பஞ்சப்படியிலும் பாதியை இழப்பீடாகத் தர வேண்டும் என்று 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டம் விதித்தது. 2020ஆம் ஆண்டின் தொழில் உறவுகள் தொகுப்பும் அதனை ஏற்றுள்ளது. இத்தொகுப்புகள் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ளன. ஆனால் அந்த இழப்பீடு 50 பேருக்குக் குறையாத நிறுவனத்திற்கே பொருந்தும். தொழிலாளியின் பெயரும் வருகைப் பதிவேட்டில் இருக்க வேண்டும். நாற்பது பேர் வேலை செய்யும் கிளை அலகில், கான்டிராக்டரின் கைக்குறிப்பேட்டில் மட்டும் பெயருள்ள ஒருவருக்கு இச்சட்டம் எட்டாக்கனியே. வேலை சிறு அலகுகளாகப் பிரிந்ததன் விளைவு என்று முன்னர்க் குறித்தது இதுவே.

காத்திருக்கும் நாளின் செலவு இவ்வாறு ஒவ்வொரு படியாகக் கீழே தள்ளப்படுகிறது. வெளிநாட்டு வாங்குவோர் ஏற்றுமதியாளரிடம் விலையைக் குறைக்கின்றனர். அவர் துணை அலகுகளிடம் குறைக்கிறார். அலகு உரிமையாளரும் பல வேளைகளில் கடனாளியே. அவர் கான்டிராக்டரிடம் சொல்ல, கான்டிராக்டர் தையல்காரரிடம் நாளை வரவேண்டாம் என்கிறார். 2011 ஜனவரியில் நொய்யலை மாசுபடுத்திய சாயப்பட்டறைகளை மூட உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. அத்தீர்ப்பு ஆற்றுக்கும் உழவருக்கும் நீதி என்பதில் ஐயமில்லை. எனினும் சாயமேறாத துணிக்காகக் காத்திருந்தோரின் கூலியைப் பற்றி எவரும் வழக்குரைக்கவில்லை. 2016 நவம்பரில் பணமதிப்பு நீக்கம் வந்து, நடப்புக் கணக்கிலிருந்து வாரத்திற்கு 50,000 ரூபாய்க்கு மேல் எடுக்க இயலாத நிலையில், ரொக்கமாகத் தரப்படும் சனிக்கிழமைக் கூலி திணறியது. 2020 மார்ச்சில் ஊரடங்கு. 2025 ஆகஸ்டு 27இல் அமெரிக்கா இந்தியப் பொருள்கள் பலவற்றின்மீது 50 விழுக்காடு வரியை நடைமுறைப்படுத்தியபோது, வாஷிங்டனில் எழுதப்பட்ட எண் திருப்பூரில் ஷிப்டுகளின் எண்ணிக்கையாகவே முதலில் வந்திறங்கியது.

திருமறையின் கூலி நேரம்

இக்கணக்கோடு உபாகமம் 24ஆம் அதிகாரத்தைத் திறப்போமாயின், அங்குள்ள சட்டம் கூலியின் அளவைவிட அதன் நேரத்தைப் பற்றியே பேசுவதைக் காண்கிறோம். எளிய கூலியாளின் கூலி பொழுது சாயுமுன் அவன் கையில் சேர வேண்டும். லேவியராகமம் 19 இதனையே மறுபுறமாக, விடியற்காலம்வரை கூலி முதலாளியிடம் தங்கலாகாது என்கிறது. உபாகமம் கூறும் காரணத்தில் நெபெஷ் என்னும் எபிரேயச் சொல் வருகிறது. தொண்டை, மூச்சு, உயிர், வேட்கை எனப் பொருள்கள் பல கொண்ட சொல் அது. கூலியாள் தன் நெபெஷை அக்கூலியின்மேல் வைத்திருக்கிறான். நம் மொழிபெயர்ப்புகளில் இது ஆவல் என்ற அளவில் மெலிந்துவிடுகிறது. அவன் ஆவலுடன் காத்திருக்கிறான் என்பது மட்டுமன்று, அவன் உயிரே அதில் தொங்குகிறது என்பதே பொருள். அவன் வேற்று நாட்டானாயினும் சட்டம் ஒன்றே என்பதையும் ஒடிசாவின் இளைஞர்களைக் காணும் சபைகள் கவனிக்க வேண்டும். ஆண்டுகள் கணக்காகக் கூலியைப் பிடித்து வைத்த திட்டத்தைக் குறித்து யாக்கோபு நிருபத்தின் 5ஆம் அதிகாரத்திற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

ஆதியாகமம் 31இல் லாபான் தன் கூலியைப் பத்துமுறை மாற்றினான் என்று யாக்கோபு முறையிடுகிறான். புள்ளியும் வரியுமுள்ள ஆடுகளைக் கூலியாகப் பெற்ற அவனது ஏற்பாடு ஒருவகைப் பீஸ் ரேட்டே. பீஸ் ரேட்டில் உழைப்போருக்கு இப்பகுதியை விளக்க நெடுநேரம் ஆகாது.

மத்தேயு 20இல் வரும் திராட்சத்தோட்ட உவமையைக் கிருபையின் உவமையாகவே நாம் பெரும்பாலும் பிரசங்கிக்கிறோம். அது தவறன்று. ஆயினும் கடைவீதியில் நின்றவர்கள் சோம்பேறிகள் அல்லர் என்பதை விட்டுவிடுகிறோம். ஏன் சும்மா நிற்கிறீர்கள் என்று கேட்கப்பட்டபோது, தங்களை வேலைக்கு அழைப்பார் இல்லை என்றே அவர்கள் விடையளித்தனர். அவர்கள் அந்நாள் முழுதும் காத்திருந்தனர். தோட்டத்தின் உரிமையாளர் அவர்களுக்கு ஒரு தெனாரியத்தைக் கொடுக்கிறார். அது ஒரு நாளைக்கான கூலி, ஒரு குடும்பத்தின் ஒரு நாள் உணவு. உழைத்த ஒரு மணி நேரத்திற்கு மட்டும் கொடுத்திருந்தால் அவர் ஒப்பந்தத்தை மீறியவராகார். காத்திருந்த நேரத்தின் செலவைத் தொழிலாளியின் தலையில் விடாமல் அவர் தாமே ஏற்கிறார். காலையில் வந்தவர்கள் முறுமுறுத்ததும் இயல்பே. ஒன்றரை ஷிப்ட் முழுதும் நின்று தைத்த எவரும் அவ்வாறே முறுமுறுப்பார். உவமை அவர்களைக் கண்டிக்கும் கடுமையை நாம் மிகைப்படுத்த வேண்டியதில்லை.

இனி, திருப்பூரில் மிகவும் தவறாகப் பயன்படும் பகுதிக்கு வருவோம். கூலியை வாங்கிப் பொத்தல் பையில் போடுவோரைப் பற்றி ஆகாய் முதல் அதிகாரம் பேசுகிறது. மல்கியா 3ஐ இதனோடு சேர்த்து, காணிக்கையில் குறைவைத்தால் கூலி தங்காது என்று வாரக்கூலிக்காரரிடம் பிரசங்கிப்போர் உள்ளனர். ஆகாய் பேசியது கி.மு. 520இல், தரியுவின் இரண்டாம் ஆண்டில். அவரது கண்டனம் முதலில் யாரை நோக்கியது? மரப்பலகை பதித்த வீடுகளில் வாழ்ந்துகொண்டு ஆலயம் பாழாய்க் கிடக்க விட்டவர்களை நோக்கியே. கல்நார்த் தகட்டுக் கூரையின்கீழ் லைன் வீட்டில் வாழும் குடும்பத்திடம் அதனைத் திருப்புவது விளக்கவுரை முறைக்கே முரணானது. ஏறத்தாழ எழுபது எண்பது ஆண்டுகளுக்குப் பின்னும் அதே யூதேயாவில் பைகள் பொத்தலாகவே இருந்தன. நெகேமியா 5இல் மக்கள் தானியத்திற்காக வயலையும் வீட்டையும் அடகு வைத்தனர். அரசனின் வரி கட்டக் கடன் வாங்கினர். பிள்ளைகளை அடிமைகளாகக் கொடுத்தனர். நெகேமியா அவர்களிடம் மேலும் காணிக்கை கேட்கவில்லை. கடன் கொடுத்த பெருமக்களை அழைத்து, வயல்களையும் வாங்கிய வட்டியையும் திருப்பித் தரச் செய்தார். பையைத் துளைத்தவர்கள் யார் என்று அவர் பார்த்தார்.

சபையின் கணக்கேடு

இவ்வாறு நோக்கும்போது சபையின் சில வழக்கங்கள் நம்மை உறுத்த வேண்டும். அறுப்பின் பண்டிகை ஏலத்தில் உற்சாகத்தில் கேட்ட தொகையின் பாக்கியை ஆராதனையில் பெயர் சொல்லி வாசிக்கும் வழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. தென்மாவட்டத்திலிருந்து வந்த குடும்பம் சொந்த ஊர்ச் சபையிலும் வந்த ஊர்ச் சபையிலும் சந்தா செலுத்த வேண்டியிருக்கிறது. திருமண ஓலை வாசிக்க வேண்டிய வேளையில் ஆண்டுக்கணக்கான பாக்கி எதிரே வந்து நிற்கிறது. அப்பாக்கிக்காக வாங்கப்படும் கடனுக்கும் மீட்டர் வட்டி உண்டு. ஓய்ந்த வாரங்களில் வசூலை நிறுத்திவைப்பது, பாக்கியைக் கழித்துவிடுவது, பள்ளி திறக்கும் ஜூன் மாதத்தில் வட்டியில்லாக் கைமாற்றுக்கெனச் சபை நிதியில் ஒரு பகுதியை ஒதுக்குவது ஆகியவை சேகரக் குழுவின் ஒரு கூட்டத்திலேயே முடிவு செய்யத்தக்கவை. இல்லச் சந்திப்பின்போது ஈ.எஸ்.ஐ. அட்டை உண்டா, வைப்பு நிதிக் கணக்கு எண் உண்டா, பெயர் பதிவேட்டில் உள்ளதா என்று ஆயர் கேட்பதும் ஆயர் பணியின் பகுதியே. பதிவேட்டில் பெயருள்ளவர் நோயுற்றால் விதிகளுக்கு உட்பட்டு ஊதியத்தில் 70 விழுக்காட்டை ஆண்டுக்கு 91 நாள்வரை ஈ.எஸ்.ஐ. வழங்குகிறது. பெயரில்லாதவருக்கு அக்காய்ச்சல் நாள்கள் அனைத்தும் கூலியற்ற நாள்கள்.

மற்றொன்றும் உள்ளது. திருச்சபை தானே ஒரு முதலாளி. நம் பள்ளிகளிலும் விடுதிகளிலும் மருத்துவமனைகளிலும் அரசு உதவியின்றி நிர்வாகமே ஊதியம் தரும் ஆசிரியர்கள், சமையல் செய்வோர், காவலர்கள், துப்புரவுப் பணியாளர்கள் பலர் உழைக்கின்றனர். தொகுப்பூதியம் என்ற பெயரில் ஒரே தொகை சிலருக்கு ஆண்டுக்கணக்கில் மாறாமல் நிற்கிறது. கோடை விடுமுறையில் ஊதியம் நிறுத்தப்படுவோரும் உளர். திருப்பூரில் ஷிப்ட் இல்லாத நாள் என்று நாம் இதுவரை விவரித்தது இவர்களுக்கு மே மாதம் என்ற பெயரில் வருகிறது. இறைமக்களின் காணிக்கையால் நடக்கும் நிறுவனங்கள் ஆதலின் இலாப நோக்கம் இல்லை என்று நாம் விடையளிக்கலாம். ஊதியத் தொகுப்புச் சட்டம் அவ்வாறு விலக்களிக்கவில்லை. நாட்கூலியை ஷிப்ட் முடிவிலும், வாரக்கூலியை வார விடுமுறைக்கு முந்திய இறுதி வேலை நாளிலும், மாத ஊதியத்தை அடுத்த மாதம் ஏழாம் நாளுக்குள்ளும் கொடுக்க வேண்டும் என அச்சட்டம் எல்லா முதலாளிகளுக்கும் பொதுவாகவே விதிக்கிறது. மார்ச் மாதத்தில் சேகரங்கள் வரவு செலவுத் திட்டம் வகுக்கும்போது ஆலயக் காவலர், கோயில் பணியாளர் என்ற வரிகளுக்கு நேரே சென்ற ஆண்டுத் தொகை என்ன, அதற்கு முந்திய ஆண்டுத் தொகை என்ன என்பதையும் பக்கத்தில் எழுதி வைத்து விவாதிக்கலாம்.